பீட்டரின் கோடைப் பூங்காவுக்குப் போகிறீர்களா? கைச்செலவு குறைய, கண்ணுக்கு நிறைய 43 குறிப்புகள்

மகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கப் போனதிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். அங்கே எனக்கு மிகவும் பிடித்த இடம் நேவா நதிக்கரையில் இருக்கும் ‘லெத்னி சாத்’, அதாவது கோடைப் பூங்கா. ரஷ்ய அரசர் மகா பீட்டர் 1704-ல் தன் கோடை அரண்மனைக்காகப் போட்ட தோட்டம். 2009-ல் பூட்டி, மூன்று வருடம் வேலை பார்த்து, 2012 மே மாதம் மறுபடி திறந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ரஷ்யா கிளம்புகிறார்கள் என்றால் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்காக நான் சேர்த்துவைத்த குறிப்புகள் இவை. உங்களுக்கும் உதவட்டும் தோழிகளே.

1. முதலில் நல்ல சேதி: பூங்காவுக்குள் போகக் கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கும் பீட்டரின் அரண்மனைக்கு மட்டும்தான் தனிச் சீட்டு. ஏறத்தாழ 28 ஏக்கர் தோட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் இலவசமாகச் சுற்றலாம் என்பதால், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க ஓட வேண்டாம்.

2. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. இதை நிர்வகிக்கும் ரஷ்ய அருங்காட்சியகத்துக்கும் அன்றுதான் விடுமுறை. ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கோ திங்கட்கிழமை விடுமுறை. ஆக, திங்கள் பூங்கா, செவ்வாய் ஹெர்மிடாஜ் என்று மாற்றிப் போட்டால் இரண்டு நாளும் வீணாகாது.

3. ஏப்ரல் மாதத்தில் போகவே போகாதீர்கள். பனி உருகி மண் சொதசொதவென்று இருக்கும் அந்த மாதம் முழுக்கத் தோட்டத்தைக் காயவிடுவதற்காகப் பூட்டிவிடுவார்கள். ஈர மண்ணில் ஆள் நடந்தால் மண் இறுகி மரத்தின் வேர் மூச்சுத் திணறும். முதல் தடவை நாங்கள் இது தெரியாமல் போய், கம்பி வேலி வழியாக மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

4. போக ஏற்ற காலம் இரண்டு. மே கடைசியிலிருந்து ஜூலை வரை நீரூற்றுகள் ஓடும், லைலாக் பூக்கும், ஜூலையில் லிண்டன் மரங்களும் பூத்துத் தோட்டமே மணக்கும். செப்டம்பர் கடைசியில் போனால் இலையெல்லாம் பொன்னிறம், கூட்டமும் குறைவு, தங்கும் செலவும் ஜூன் மாதம் மாதிரி எகிறாது.

5. ஜூனில் ‘வெள்ளை இரவு’ நாட்கள். சூரியன் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இறங்கும் என்பதால், பகலில் காசு கொடுத்துப் பார்க்கும் இடங்களை முடித்துவிட்டு, இலவசப் பூங்காவைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. அமைதி வேண்டும் என்பவர்கள் காலை 10 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரம் சரளைக் கல்லில் உங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்கும். சரியாக 12 மணிக்கு நதிக்கு அந்தப் பக்கக் கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி வெடிக்கும். தினமும் நடப்பதுதான், பயப்படாமல் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

7. நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் அங்கே வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். மடிப்பு, கிறுக்கல் இல்லாத புது நோட்டுகளாகப் பார்த்து வாங்கிப்போவது நல்லது, கசங்கிய நோட்டைப் பார்த்தால் யோசிக்கிறார்கள்.

8. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விசா கிடைக்கிறது. தூதரக வாசலுக்கு அலையும் பேருந்துச் செலவும் ஒரு நாள் விடுப்பும் மிச்சம். விண்ணப்பத்தில் பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போடுங்கள். தகப்பனார் பெயரை இனிஷியலாக வைத்திருக்கும் நம்மவர்களுக்குத்தான் இங்கே குழப்பம் வரும்.

9. போகும் இடங்களின் பெயரை ரஷ்ய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது அட்டையை நீட்டினால் போதும், வயதான பாட்டிகள் கையைப் பிடித்துக்கூடக் கொண்டுபோய் விடுகிறார்கள். செல்போனில் வரைபடத்தை விடுதியிலேயே இறக்கிவைத்துவிட்டால் வெளியே இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

10. ‘சாத்’ என்றால் தோட்டம். குழந்தைகள் பள்ளிக்கு அங்கே ‘தெத்ஸ்கி சாத்’ என்று பெயர், குழந்தைகள் தோட்டம். வழி கேட்கும்போது ‘லெத்னி’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள், வெறும் ‘சாத்’ என்றால் எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள், ஊர் முழுக்கத் தோட்டம்!

11. மெட்ரோவில் ‘கஸ்தினி த்வோர்’ அல்லது ‘நேவ்ஸ்கி ப்ரஸ்பெக்த்’ நிலையத்தில் இறங்கி, சதோவயா தெரு வழியே கால் மணி, இருபது நிமிடம் நடந்தால் பூங்கா வந்துவிடும். சதோவயா என்றாலே தோட்டத் தெரு என்றுதான் பொருள். வழியில் பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், இதற்காக வாடகைக் கார் பிடிக்க வேண்டாம்.

12. மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ‘பதரோஷ்னிக்’ என்ற பயண அட்டையை வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் தனிச்சீட்டு வாங்குவதைவிட மெட்ரோ, பேருந்து இரண்டிலும் கட்டணம் குறைவு. பதரோஷ்னிக் என்பது வழியோரத்தில் முளைக்கும் ஒரு பச்சிலையின் பெயர். முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்த இலையைக் கசக்கி வைப்பது அவர்கள் வீட்டு வைத்தியம்.

13. பூங்காவுக்கு நேவா நதி வாசல், மோய்க்கா ஆற்று வாசல் என இரண்டு வழி. மோய்க்கா வாசலில் நுழைந்து நேவா வாசலில் வெளியேறுங்கள். குளம், மரங்கள், சிலைகள், நீரூற்றுகள், அரண்மனை, கடைசியில் அந்தப் புகழ்பெற்ற வேலி என்று வரிசையாக வந்துவிடும், நடந்த வழியே திரும்ப நடக்க வேண்டாம்.

14. பாதையெல்லாம் பொடிக் கல். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். திறந்த செருப்பு போட்டால் இரண்டடிக்கு ஒரு தடவை கல் புகுந்துகொள்ளும். பழகிய கான்வாஸ் ஷூவும் பருத்திக் காலுறையும் போதும்.

15. ஜூலையிலும் நேவா காற்று சில்லென்று அடிக்கும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறும். கனமான ஒரே கோட்டுக்குப் பதில் மெல்லிய சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று மூன்று அடுக்காகப் போட்டால் வேண்டும்போது கழற்றலாம். சேலைதான் கட்டுவேன் என்பவர்கள் உள்ளே ஒரு கம்பளி லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டால் குளிர் தெரியாது, நான் அப்படித்தான் போனேன்.

16. மர நிழலும் தண்ணீரும் சேர்ந்த இடம், ஜூன், ஜூலையில் கொசு உண்டு. ஊரிலிருந்தே ஓடோமாஸ் ஒரு டியூப் எடுத்துப் போங்கள். அங்கே போய் மருந்துக்கடையில் சைகை காட்டி வாங்குவதைவிட மலிவு.

17. கிளம்புவதற்கு முன் எல்லோருடைய கோட்டிலும் கழுத்துக்குப் பின்னால் மாட்டும் நாடா இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் நாலு தையல் போட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். ரஷ்ய அருங்காட்சியகங்களில் கோட்டைக் கழற்றி உடைக்காப்பறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாடா இல்லாத கோட்டைப் பார்த்தால் அங்கிருக்கும் பாட்டிகள் கடிந்துகொள்வார்கள். பழைய ரவிக்கை நாடா ஒரு துண்டு போதும்.

18. மோய்க்கா வாசலில் நுழைந்ததும் செம்பழுப்புக் கல்லில் ஒரு பெரிய ஜாடி தெரியும். ஸ்வீடன் அரசர் பதினான்காம் கார்ல் யோஹன் 1839-ல் அன்பளிப்பாக அனுப்பியது, போர்ஃபிரி என்னும் கல். 2008-ல் உடைந்துபோன அதை ஒட்டிச் சேர்த்து மறுபடி நிற்கவைத்திருக்கிறார்கள், கிட்டே போய் ஒட்டு தெரிகிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

19. ஜாடிக்கு அடுத்தாற்போல் கெண்டை மீன் குளம். கோடையில் அன்னங்கள் மிதக்கும். மிச்சமான ரொட்டியைப் போடாதீர்கள், பறவைக்கும் ஆகாது, தண்ணீரும் கெடும். குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலே கால் வலி போய்விடும்.

20. நடுப்பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று நிற்கும் சிலைகள் பெரும்பாலும் நகல்கள். அசல்களெல்லாம் பீட்டர் காலத்தில் இத்தாலியிலிருந்து வரவழைத்த சலவைக்கல் சிலைகள். முந்நூறு வருடப் பனியில் கல்லின் நுண்துளைகளில் தண்ணீர் புகுந்து, உறைந்து, விரிந்து, கல் சர்க்கரைக் கட்டி மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டது. குளிர்பெட்டியின் உறைபகுதியில் தண்ணீர் நிறைத்த கண்ணாடிப் பாட்டிலை மறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஒவ்வொரு சிலைக்கும் மரப்பெட்டி மாட்டி மூடிவைப்பார்கள். அதுவும் போதாமல்தான், புதுப்பிக்கும்போது அச்செடுத்துச் செயற்கைச் சலவைக்கல்லில் நகல் செய்து வைத்தார்கள்.

21. அசலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பூங்காவின் தெற்கே, மோய்க்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மிகய்லோவ்ஸ்கி கோட்டைக்குத்தான் அவற்றைக் கொண்டுபோனார்கள், ஐந்து நிமிட நடை. கையில் காசு ஒரே ஒரு சீட்டுக்குத்தான் இருக்கிறது என்றால், பூங்காவில் நகலை இலவசமாகப் பார்த்துவிட்டு இந்தக் கோட்டைக்குச் சீட்டு வாங்குங்கள் என்பேன்.

22. அந்தக் கோட்டையின் கதையைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் சலிக்காமல் நடப்பார்கள். பால் என்ற பேரரசர் சதிக்குப் பயந்து அகழி வெட்டி அதைக் கட்டிக்கொண்டார். 1801-ல் குடிபோய் நாற்பது நாளில் தன் படுக்கையறையிலேயே கொல்லப்பட்டார். அவர் 1754-ல் பிறந்ததும் அதே இடத்தில் முன்பு இருந்த மரமாளிகையில்தான்.

23. எல்லாச் சிலையையும் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. நான் சொல்வது இரண்டு: பீட்டரின் அரண்மனைக்குப் பக்கத்தில் ‘அமைதியும் வளமும்’, நடுப்பாதையில் ‘இரவு’. முதலாவதை வெனிஸ் சிற்பி பியெத்ரோ பராத்தா 1722-ல் செய்தார். முந்தின வருடம் ஸ்வீடனோடு இருபத்தொரு வருடப் போர் முடிந்த சந்தோஷம் அது, வெற்றித் தேவதையின் காலடியில் கிடக்கும் சிங்கம்தான் ஸ்வீடன். ‘இரவு’ கண்ணை மூடிக்கொண்டு ஆந்தையோடு நிற்கிறாள், ஜொவான்னி பொனாத்சா விடியல், நண்பகல், அந்தி, இரவு என்று நான்காகச் செதுக்கியதில் கடைசி.

24. சிலையின் படத்தை எடுக்கும்போது அதன் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ராத்திரி விடுதியில் செல்போனின் மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால் பெயரும் கதையும் தெரிந்துவிடும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அப்படியே மிச்சம்.

25. ஹெர்மிடாஜ் போகும்போது ‘தவ்ரிதா வீனஸ்’ சிலையைத் தேடிப் பாருங்கள். பீட்டர் ரோமிலிருந்து வாங்கி வந்து முதலில் நிறுத்தியது இந்தப் பூங்காவில்தான், ரஷ்யாவுக்கு வந்த முதல் பழங்காலச் சிலை அது. ஆடையில்லாத சிலையைக் கண்டு முகம் சுளித்த ஜனங்கள் ஏதும் செய்துவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு காவலாளியையே நிறுத்திவைத்தாராம்.

26. பூங்காவின் கிழக்கே ஓடும் ஆற்றின் பெயர் ஃபொன்தான்கா. இந்தத் தோட்டத்து நீரூற்றுகளுக்காகவே அந்தப் பெயர். 1777 செப்டம்பர் வெள்ளத்தில் நீரூற்றுகளெல்லாம் நாசமாகி, அப்போது ஆண்ட இரண்டாம் கேத்தரின் அரசியும் அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. இருநூற்று முப்பத்தைந்து வருடம் கழித்து 2012-ல்தான் எட்டு நீரூற்றுகளில் மறுபடி தண்ணீர் வந்தது. எங்கள் மகளுக்கு அறை கொடுத்த வீட்டுக்கார அம்மா, தன் பாட்டிக்கும் தெரியாத சத்தம் இது என்று சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

27. நீரூற்றுப் பக்கம் காற்றடிக்கும் திசை பார்த்து நில்லுங்கள், ஒரு நிமிடத்தில் நனைந்துவிடுவீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுச் சட்டையும் மெல்லிய துண்டும் பையில் இருக்கட்டும். தண்ணீருக்குள் கை விட்டு விளையாட விடாதீர்கள், காவலர்கள் விசில் ஊதிவிடுவார்கள்.

28. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் க்ரிலோவ் சிலையை விடாதீர்கள். மிருகங்களை வைத்துக் கதை சொன்ன கவிஞர் அவர். 1855-ல் சிற்பி க்ளோத் செய்த சிலையின் பீடம் முழுக்க நரி, குரங்கு, கரடி, கொக்கு என்று கதைப் பாத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். எத்தனை மிருகம் என்று எண்ணச் சொல்லிவிட்டால் உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு.

29. மிருகக் கதைக்கும் இந்தத் தோட்டத்துக்கும் உறவு க்ரிலோவுக்கு முன்பே உண்டு. ஈசாப் கதைகளை ஈய உருவங்களாக வார்த்து நீரூற்றுகளில் வைத்து, பக்கத்திலேயே கதையை எழுதி மாட்டியிருந்தார் பீட்டர்; உலாவ வந்தவர்கள் படித்துக்கொண்டே நடக்கட்டும் என்று. போவதற்கு முன் வீட்டில் நாலைந்து ஈசாப் கதைகளைச் சொல்லிவைத்தால் பிள்ளைகளுக்குத் தோட்டம் தெரிந்த இடம் மாதிரி ஆகிவிடும்.

30. பழைய படங்களில் பார்த்த பூங்கா இப்போது இல்லையே என்று தோன்றினால் அது உங்கள் தவறில்லை. புதுப்பிக்கும்போது பீட்டர் காலத்து வடிவத்தைக் கொண்டுவர வேண்டுமென்று பாதையோரமெல்லாம் உயரமான பச்சைச் சுவராகச் செடி வளர்த்துவிட்டார்கள். மரங்களுக்கிடையே கண்ணுக்கெட்டியவரை பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் பலருக்கு இதில் வருத்தம்தான். எனக்கும் வேலிக்குள் அடைத்த மாதிரி இருக்கும் வடபகுதியைவிட, வயதான லிண்டன் மரங்கள் இஷ்டத்துக்கு நிழல் தரும் தென்பகுதிதான் பிடிக்கிறது. உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

31. ‘புறாக்கூண்டு’ என்று பெயர் வைத்த சின்னக் கூடத்தை ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். புதுப்பிக்கும் வேலையின்போது மண்ணைத் தோண்டியதில் கிடைத்த பழைய பொருட்களை அங்கே வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போதும்.

32. பீட்டரின் கோடை அரண்மனை என்றதும் பிரம்மாண்டமாக நினைத்துப் போகாதீர்கள். தொமேனிக்கோ த்ரெஸ்ஸினி 1710-லிருந்து 1714-க்குள் கட்டிய இரண்டு மாடி வீடு, மொத்தம் 14 அறைதான். கீழே பீட்டர், மேலே மனைவி கேத்தரின். உள்ளே சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள் என்பதால், பூங்காவைச் சுற்றுவதற்கு முன் முதல் வேலையாகச் சீட்டு வாங்கி நேரம் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

33. அரண்மனையில் நான் அதிக நேரம் நின்றது சமையலறையில். சுவர் முழுக்க ஹாலந்து பாணியில் நீலப் பூப்போட்ட ஓடு, கறுப்புச் சலவைக்கல்லில் பாத்திரம் கழுவும் தொட்டி, அழுக்குத் தண்ணீர் வெளியேற அடியில் சாக்கடை, 1714-ல் இதெல்லாம்! சாப்பாட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் ஒரு ஜன்னல். சூடு ஆறாமல் பதார்த்தம் நேராக மேசைக்குப் போய்விடும். ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவே மூடிவைத்திருந்த பழைய ஜன்னலை நான் திறந்துவிட்டேன், நடை பாதியாகக் குறைந்தது.

34. பீட்டரின் அறை ஒன்றில் செதுக்கிய மரச்சட்டத்தில் மூன்று வட்டங்கள் இருக்கும். ஒன்று கடிகாரம், மற்ற இரண்டும் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டுபவை; ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் செய்வித்து, கூரை மேல் இருக்கும் காற்றுகாட்டியோடு இணைத்திருக்கிறார்கள். கப்பல் பித்துப் பிடித்த அரசர், படுக்கையை விட்டு எழுந்ததும் காற்று எப்படி என்று பார்த்துக்கொள்ள.

35. வெளிச்சுவரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், இதற்குச் சீட்டு வேண்டாம். இரண்டு மாடி ஜன்னல்களுக்கும் நடுவே வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கும். கடல் தெய்வங்களின் கதை போலத் தெரிந்தாலும் எல்லாம் ஸ்வீடனோடு நடந்த போரைப் பற்றியவை. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு இதுவே ஒரு அருங்காட்சியகம்.

36. 1941-ல் ஜெர்மன் படை ஊரை நெருங்கியபோது பூங்காவின் சிலைகளைத் தோட்டத்து மண்ணிலேயே குழிவெட்டிப் புதைத்துக் காப்பாற்றினார்கள். 872 நாள் முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தபோது, இதே பூம்பாத்திகளில் முட்டைக்கோசும் கிழங்கும் பயிரிட்டார்கள். இங்கே உணவுப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு பருக்கை வீணாக்க மனம் வராது, அளவாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

37. நேவா பக்கத்து வேலியை உள்ளேயிருந்து பார்க்காதீர்கள், வெளியே வந்து சாலையைக் கடந்து ஆற்றோரச் சுவரருகே நின்று பாருங்கள். 36 கருங்கல் தூண்கள், நடுவே கறுப்பு இரும்பு ஈட்டிகள், அங்கங்கே தங்கப் பூச்சு. யூரி ஃபெல்தனும் ப்யோத்தர் யெகோரவும் வரைந்து 1771-லிருந்து 1784 வரை நடந்த வேலை. இதைப் பார்ப்பதற்கென்றே கப்பலில் வந்த ஒரு இங்கிலாந்துக்காரர், கரையிறங்காமலே பார்த்துவிட்டு இனி எதுவும் பார்க்கத் தேவையில்லை என்று திரும்பிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வெயில் சாயும் நேரம்தான் இதற்குச் சரி.

38. அந்த வேலியின் வாசலில்தான் 1866 ஏப்ரலில் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரை ஒரு இளைஞன் சுட்டான், குறி தப்பியது. 1881-ல் இங்கிருந்து பத்து நிமிட தூரத்தில் வெடிகுண்டு வீச்சில் அவர் உயிர் போயிற்று, அந்த இடத்தில்தான் வண்ணக் குவிமாடங்களோடு ‘ரத்தம் சிந்திய இரட்சகர்’ தேவாலயம் நிற்கிறது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

39. காலுக்கு ஓய்வு கொடுக்கப் பூங்காவுக்கு மேற்கே இருக்கும் செவ்வாய்த் திடலுக்குப் போங்கள். பூங்காவில் புல்லில் உட்கார விடமாட்டார்கள், நாயும் சைக்கிளும்கூடக் கூடாது. திடலில் ஊர்க்காரர்களே புல்லில் படுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து எடுத்துப்போனால் விரிப்பு, போர்வை, வெயிலுக்குக் குடை எல்லாமே அதுதான். நடுவே 1957 முதல் எரிந்துகொண்டிருக்கும் நினைவுச் சுடரருகே மட்டும் சத்தம் போடாமல் இருக்கட்டும்.

40. சேர்ந்துபோன சில்லறைக் காசுகளைத் தூக்கிப்போடாமல் ஒரு சின்னப் பையில் வையுங்கள். பூங்காவிலிருந்து ஃபொன்தான்கா கரையோடு தெற்கே கொஞ்சம் நடந்தால், பாலத்தருகே சுவரில் 11 சென்டிமீட்டர் உயரத்தில் ‘சீஷிக்-பீஷிக்’ என்ற வெண்கலக் குருவி உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து போடும் காசு தண்ணீரில் விழாமல் அதன் மேடையில் நின்றால் நினைத்தது நடக்குமாம். ஒரு ரூபிள் காசில் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் அந்த ஊரில் கிடைக்காது.

41. பூங்காவைச் சுற்றிய கடைகளில் விலை கூடுதல். கொஞ்சம் நடந்து பல்ஷாயா கன்யூஷென்னயா தெருவுக்குப் போனால், 1958 முதல் இருக்கும் கடையில் ‘பிஷ்கி’ கிடைக்கும். உளுந்து வடை மாதிரி நடுவில் துளை, மேலே சர்க்கரைப் பொடி, சுடச்சுட. சாப்பாட்டுக்கு ‘ஸ்தலோவயா’ என்ற பலகையைத் தேடுங்கள், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வேண்டியதை வாங்கும் கடை, உணவகத்தைவிடப் பாதிச் செலவுகூட ஆகாது.

42. சைவக்காரர்கள் ‘பெஸ் மியாசா’, இறைச்சி இல்லாமல், என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பீட்ரூட் கலந்த ‘வினிக்ரெத்’ சாலட், உருளைக்கிழங்கு அடை போன்ற ‘த்ரானிகி’, ‘க்ரேச்கா’ என்ற தானியச் சோறு எல்லாம் வயிற்றுக்கு இதம். சமையலறை உள்ள விடுதி என்றால் குழைய வடித்த சாதத்தில் கடையில் விற்கும் கெஃபிரை ஊற்றி, ஊரிலிருந்து கொண்டுபோன கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். நம் தயிர் சாதம்தான். குழாய்த் தண்ணீரை மட்டும் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள், ராத்திரியே ஆறவைத்துப் பாட்டிலில் நிரப்பிவிடுங்கள்.

43. ஊருக்கு வாங்கிவர நினைவுப் பொருள் கடைக்குப் போக வேண்டாம். பூங்காவின் லிண்டன் மரத்தை அங்கே ‘லீப்பா’ என்பார்கள். அதன் காய்ந்த பூ எந்த மருந்துக்கடையிலும் சின்ன அட்டைப்பெட்டியில் மலிவாகக் கிடைக்கும், சளிக்குத் தேநீராகக் குடிப்பது அவர்கள் பழக்கம். பெட்டிக்கு வெயிட்டும் ஏறாது, ஆளுக்கொரு பொட்டலம் கொடுக்கலாம். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து, கொஞ்சம் தேன் விட்டுக் குடியுங்கள். ஜூலை மாதத்து அந்தப் பாதையின் மணம் அப்படியே வரும்.